கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் பலர், உறையை அங்கேயே நின்றபடி பிரித்துப் பார்ப்பார்கள். தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணின் மேல் விரலை வைத்து, "இது ரொம்ப அதிகமா?" என்று கேட்பார்கள். அந்த மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த நான், திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு. ஆனால் விஷயம் தெரிந்துகொண்டு போனால், அவரோடு கிடைக்கும் பத்து நிமிடமும் பயன்படும்.

கொலஸ்ட்ரால் என்பது உடலுக்கு வேண்டாத கழிவா?

இல்லை. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது. வைட்டமின் டி, பாலின ஹார்மோன்கள், உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீர் அமிலங்கள் எல்லாம் இதிலிருந்தே உருவாகின்றன. பித்தப்பைக் கற்களில் கண்டெடுத்த இந்த மெழுகு போன்ற பொருளுக்கு 1815ஆம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரூல் வைத்த 'கொலஸ்டரின்' என்ற பெயரே பின்னர் கொலஸ்ட்ரால் என்று மாறியது. நமக்குத் தேவையான அளவை உடலே தயாரித்துக்கொள்ளும் என்பதால், சாப்பாட்டில் கொலஸ்ட்ரால் அறவே இல்லாத சைவ உணவுக்காரருக்கும் ரத்தத்தில் அது இருக்கவே செய்யும்.

பிறகு அது இதயத்தைக் கெடுப்பது எப்படி?

எண்ணெயும் தண்ணீரும் போலத்தான் கொலஸ்ட்ராலும் ரத்தமும், ஒன்றோடொன்று கலவா. அதனால் கொலஸ்ட்ரால் தனியாகப் பயணம் செய்ய முடியாமல், புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்ணிய பொதிகளில் ஏறிப் போகிறது. அவற்றில் எல்.டி.எல். எனப்படும் பொதிகளைத்தான் "கெட்ட கொழுப்பு" என்கிறோம்.

அடுப்படிக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அடைத்துக்கொள்வது போல ரத்தக்குழாயும் அடைபடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. எல்.டி.எல். பொதிகள் தமனியின் உள்சவ்வைக் கடந்து, சுவருக்குள்ளேயே புகுந்து சிக்கிக்கொள்கின்றன. அங்கே அவை வேதிமாற்றம் அடைந்ததும், உடலின் துப்புரவுச் செல்கள் வந்து விழுங்குகின்றன. விழுங்கிவிட்டு வெளியேற முடியாமல் நுரைபோல உப்பிய செல்களாக அங்கேயே மடிகின்றன. இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கொழுப்புத் திட்டின் மேல் ஒரு நார் மூடி வளர்கிறது. அந்த மூடி என்றைக்காவது கிழிந்தால், காயத்தை அடைக்கப் பழகிய ரத்தம் அங்கேயும் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. குழாயைப் பாதிகூட அடைக்காத திட்டும் கிழியக்கூடும் என்பதால்தான், முந்தின வாரம் வரை மூச்சு வாங்காமல் மாடியேறியவருக்கும் திடீரென மாரடைப்பு வருகிறது.

இந்தத் திட்டுகள் முதுமையில் தொடங்குவன அல்ல. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. ஆனாலும் 77 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் நோயின் தடயம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது. ஆகவே எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டுகளாக அந்த அளவில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கும் இந்தக் கணக்கே அடிப்படை.

ரிப்போர்ட்டில் இத்தனை எண்கள் இருக்கின்றனவே, எதைப் பார்ப்பது?

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். மொத்தக் கொலஸ்ட்ரால் 232, எச்.டி.எல். ("நல்ல கொழுப்பு" எனப்படும் பொதிகளில் உள்ளது) 38, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 210 என்று ஒருவருக்கு வந்திருக்கிறது. எல்லாமே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவில். பல கூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை; 1972 முதல் புழக்கத்தில் உள்ள ஃப்ரீடுவால்ட் சூத்திரத்தால் கணக்கிடப்படுகிறது. ட்ரைகிளிசரைடை 5 ஆல் வகுத்தால் 42. மொத்தத்திலிருந்து அந்த 42ஐயும் எச்.டி.எல். 38ஐயும் கழித்தால் மீதி 152. அதுதான் இவருடைய எல்.டி.எல். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு நம்பத் தகாதது, அப்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டில் அச்சாகாமலே போகும் இன்னொரு எண்ணையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள். இவருக்கு 194 வரும். தமனிச் சுவரில் படியக்கூடிய எல்லாப் பொதிகளிலும் உள்ள கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை அது. ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருப்பவர்களுக்கு எல்.டி.எல்.லைவிட இந்த எண்ணே நிலைமையைச் சரியாகக் காட்டும். மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு "200க்குக் கீழே இருக்கிறது, கவலையில்லை" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட வேண்டாம்.

எனக்கு எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம்?

அச்சிட்ட தாளின் வலது ஓரத்தில் இருக்கும் "இயல்பு அளவு" எல்லோருக்கும் பொதுவானது; உங்களுக்கான இலக்கு உங்கள் ஆபத்தைப் பொறுத்தது. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக எல்.டி.எல். 100க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து மிகுந்தவர்களுக்கு 70க்குக் கீழேயும், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55க்குக் கீழேயும் இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர் 98 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தாளில் தடித்த எழுத்து இல்லை என்பதால் வரும் நிம்மதி அது. அவருக்கு 98 அதிகம்.

வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

முதல் பரிசோதனைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சாப்பிட்டபின் எடுத்தால் ட்ரைகிளிசரைடு ஓரளவு கூடும். மற்றவை அதிகம் மாறுவதில்லை. ட்ரைகிளிசரைடு மிகுதியாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் இன்னொரு முறை பார்ப்பார்கள். 18 வயதிலேயே ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நல்ல கொழுப்பைக் கூட்டிவிட்டால் கெட்டது இருந்தாலும் பரவாயில்லையா?

எச்.டி.எல். குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. ஆண்களில் 40க்கும் பெண்களில் 50க்கும் கீழே இருப்பதைக் குறைவு என்கிறார்கள். ஆகவே மருந்தால் அதை உயர்த்தினால் நன்மை கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் பெரும் ஆய்வுகள் நடந்தன. டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்தியது; ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடையே மரணங்கள் கூடியதால் 2006இல் ஆய்வையே நிறுத்தினார்கள். நியாசின் மருந்தும் ஏமாற்றமே தந்தது. உடல்நிலையைக் காட்டும் ஓர் அடையாளமாக எச்.டி.எல்.லை எடுத்துக்கொள்ளலாம், எல்.டி.எல். செய்யும் கேட்டுக்கு அது ஈடுகட்டும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

நான் ஒல்லியாக இருக்கிறேன், சைவம்தான் சாப்பிடுகிறேன், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கு எப்படி அதிகமாகும்?

கொலஸ்ட்ரால் கூடுவதற்கு அறிகுறி கிடையாது. தலைசுற்றல், பிடரி வலி, சோர்வு என்று எதையும் அதன் மேல் ஏற்ற முடியாது. பரம்பரை, வயது, மாதவிடாய் நிற்றல், தைராய்டு சுரப்புக் குறைவு, சில சிறுநீரக நோய்கள் ஆகியவை உடல் பருமனுக்குத் தொடர்பில்லாமலே அதைக் கூட்டும். குறிப்பாக, எல்.டி.எல். திடீரென ஏறியிருந்தால் தைராய்டையும் பார்த்துவிடுவது முறை.

தெற்காசியர்களான நமக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியாவில் சராசரியாக 53 என்றும், மற்ற நாடுகளில் 59 என்றும் தெரியவந்தது. சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்தி, 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் 81 சதவீதத்தினருக்கு ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதாவது ஒன்றாவது சரியில்லை.

முட்டையை நிறுத்திவிட வேண்டுமா?

ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலைவிட, சாப்பாட்டிலுள்ள நிறைவுற்ற கொழுப்புதான் (நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுதியாக இருக்கும் வகை) ரத்த எல்.டி.எல்.லை அதிகம் உயர்த்துகிறது. அந்தக் கொழுப்பு, எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் கல்லீரலின் திறனை மந்தப்படுத்துகிறது. உடல்நலத்தோடு இருப்பவர் தினம் ஒரு முட்டை சாப்பிடுவதில் பெரிய கேடில்லை. சர்க்கரை நோயோ மிக உயர்ந்த எல்.டி.எல்.லோ இருப்பவர்கள் மஞ்சள் கருவின் எண்ணிக்கையை மருத்துவரோடு பேசி முடிவு செய்யட்டும். அந்த முட்டையோடு தட்டில் வரும் பரோட்டாவையும் அது எந்த எண்ணெயில் புரண்டு வந்தது என்பதையும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

எந்த எண்ணெய் நல்லது?

"கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று உறையில் போட்டிருப்பதை முதலில் மறந்துவிடுங்கள். செடிகொடிகளிலிருந்து எடுக்கும் எந்த எண்ணெயிலும் பொருட்படுத்தத் தக்க கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் பங்கை. தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கு மேல்; நெய்யில் 60 சதவீதம் அளவில்; ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேசினால் பலருக்கு மனம் வருந்துகிறது என்பதை அறிவேன். ஆனாலும் 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, வெப்பமண்டலத்தைச் சேராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துவதாகக் காட்டியது. தாளிக்க ஒரு கரண்டி விடுவதற்கும், பொரியல், வறுவல் எல்லாவற்றையும் அதிலேயே செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எந்த எண்ணெயானாலும் மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பாருங்கள். வீட்டின் நிலவரம் அதிலேயே தெரிந்துவிடும்.

வனஸ்பதியிலும் அதில் செய்த பேக்கரிப் பண்டங்களிலும் உள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்லாவற்றையும்விட மோசமானது, எல்.டி.எல்.லை உயர்த்துவதோடு எச்.டி.எல்.லையும் குறைக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் வரம்பு இருக்கிறது. பொரித்த எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சுவதும் நல்லதல்ல.

ஃபில்டர் காபி?

காபிக்கொட்டையில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது எல்.டி.எல்.லைக் கூட்டும். காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு உலோக வடிகட்டி பிடிப்பதில்லை. காலையில் ஒரு டம்ளர் குடிப்பதை விட வேண்டியதில்லை. நாளைக்கு ஐந்தாறு டம்ளர் குடிக்கிறவர், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் எல்.டி.எல். இறங்கவில்லையென்றால் அதையும் குறைத்துப் பார்க்கலாம்.

கொழுப்பே சாப்பிடுவதில்லை, ஆனாலும் ட்ரைகிளிசரைடு 300ஐத் தாண்டுகிறதே?

சோறு, இட்லி, தோசை, இனிப்பு என்று மாவுச்சத்தும் சர்க்கரையும் தேவைக்கு மேல் போகும்போது கல்லீரல் மிச்சத்தை ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. மதுவும் அப்படியே கூட்டும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் கூட்டும். நல்ல செய்தி என்னவென்றால், சாப்பாட்டு மாற்றத்துக்கும் நடைக்கும் எடைக் குறைப்புக்கும் மிக விரைவாக இறங்குவதும் இதுதான். சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலும் கீரையும் காயும் வைத்து, மதுவை விட்டவர்கள், மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டை மலர்ந்த முகத்தோடு வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பூண்டு, வெந்தயம், வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீர் போன்றவை போதாதா?

ஓட்ஸ், பயறு வகைகள், வெந்தயம், கொய்யா போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீர் அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. ஈடுசெய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. அதனால் எல்.டி.எல். சில சதவீதம் இறங்கும். சாப்பாட்டை முழுக்கச் சீர்படுத்தினால் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் வரை குறைக்கலாம். 120 இருப்பவருக்கு அது பெரிய உதவி. 190 இருப்பவரும் மாரடைப்பு வந்தவரும் அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது. பூண்டைச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் இடத்தில் வைத்துவிடாதீர்கள்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாடின் மாத்திரை என்ன செய்கிறது?

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973இல் முதல் ஸ்டாடினைக் கண்டுபிடித்தார். அதைத் தந்த பூஞ்சை, கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்திருந்தது. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதில் முக்கியமான ஒரு நொதியை இந்த மருந்து தடுக்கிறது. தயாரிப்புக் குறைந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்.டி.எல். பொதிகளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைக் கூடுதலாக வைத்து, ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 12 பேரும், சிம்வாஸ்டாடின் சாப்பிட்டவர்களில் 100க்கு 8 பேரும் இறந்திருந்தார்கள். அந்த நான்கு பேர், நான்கு குடும்பங்கள். ஸ்டாடின் மட்டும் போதாதவர்களுக்கு எஸெடிமைப் மாத்திரையும், எல்.டி.எல்.லைப் பாதிக்கும் கீழே கொண்டுவரக்கூடிய ஊசிகளும் இப்போது இருக்கின்றன.

அது தசையையும் கல்லீரலையும் கெடுத்துவிடும் என்கிறார்களே?

தசைவலி வருவதாகப் பலர் சொல்கிறார்கள். அந்த வலி பொய்யல்ல. ஆனால் அதற்குக் காரணம் எப்போதும் மருந்தே என்று சொல்ல முடியாது. ஸ்டாடினால் தொந்தரவு என்று விட்டுவிட்ட 60 பேருக்கு, எது எதுவென்று தெரியாதபடி மாதம் மாற்றி மாதம் ஸ்டாடினும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாடின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. 2020இல் வெளியான ஆய்வு அது. தசை சிதையும் கடுமையான பாதிப்பு மிக அரிது. தாங்க முடியாத வலியோ கறுத்த சிறுநீரோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு ஸ்டாடினால் அந்த நோய் சற்று முன்கூட்டியே வரலாம் என்பதும் உண்மை. அதைவிட மாரடைப்பு தடுக்கப்படுவதன் நன்மை பெரிது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அளவு இறங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

எல்லாக் கேள்விகளிலும் என்னைக் கலங்க வைப்பது இதுதான். என் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். எட்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார், எல்.டி.எல். 61க்கு வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னவன் நான். "எல்லாம் நார்மல், பெரியப்பா" என்றேன். நார்மலாகிவிட்டதே என்று அவர் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டது எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து அவருக்கு மறுபடி மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்த பிறகு, சாமி அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவில் அட்டை அட்டையாகப் பிரிக்காத மாத்திரைகளைப் பெரியம்மா எடுத்துக் காட்டினார். மாத்திரைதான் காரணமென்று ஒருவருடைய மரணத்தை வைத்து யாராலும் அறுதியிட முடியாது. ஆனால் "மாத்திரை வேலை செய்கிறது, தொடர்ந்து சாப்பிடுங்கள்" என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் நல்ல எண் வந்தால் அந்த வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லாமல் ரிப்போர்ட்டை யார் கையிலும் கொடுப்பதில்லை. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் எல்.டி.எல். பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

அப்பாவுக்கு 45 வயதில் மாரடைப்பு வந்தது. பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எல்.டி.எல். மிகுந்திருக்கும் மரபணுக் குறை இருக்கிறது. பெரியவர்களில் 190க்கு மேல் எல்.டி.எல். இருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். குதிகால் தசைநார் தடித்திருப்பதும், விரல் முட்டிகளின் மேல் கட்டிகள் தெரிவதும் இதன் அடையாளங்களாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால், இக்குறை உள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும்.

நெதர்லாந்தில் இக்குறை உள்ள 214 பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஸ்டாடின் தொடங்கி, 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து கிடைக்காத காலத்தில் வளர்ந்த அவர்களுடைய பெற்றோரில் இக்குறை இருந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு 39 வயதுக்குள் இதய நோயோ பக்கவாதமோ போன்ற பாதிப்பு வந்திருந்தது. பிள்ளைகளில் அதே வயதுக்குள் பாதிப்பு வந்தவர்கள் 1 சதவீதம்.